ஜூன் அளவு

பேச்சியம்மாளின் தலை தரையில் மோதியபொழுது ஆட்டம் முடிய ஒன்பது நிமிடங்கள் இருந்தன. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான மாநிலக் கோப்பை ஹாக்கியின் கால் இறுதி ஆட்டம் அது. நல்லகுளம் விடுதி அணியின் நடுக்களத்தில் ஆடுபவள் பேச்சி, வயது பதினாறு. பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடியவளின் தாடையில் எதிரணிப் பெண்ணொருத்தியின் தோள் இடித்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை செயற்கைப் புல்லின்மேல் ஒரு முறை பட்டு எழும்பிற்று. நான்கு விநாடிகளில் எழுந்து நின்று மட்டையைத் தேடினாள். மட்டை அவள் கையிலேயே இருந்தது.

களத்தின் ஓரத்தில் அளவு அலுவலர் சுயம்புக்கனி தம் மடியிலிருந்த தொடுதிரைப் பலகையைப் பார்த்தார். ஒவ்வோர் ஆட்டக்காரியின் இடச்செவிக்குப் பின்னும் நாணயம் அளவில் ஒரு கருவி ஒட்டப்பட்டிருக்கும். அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் மூளை அதிர்வு அளவி. பிள்ளைகள் அதனைப் பொட்டு என்றே அழைத்தனர். பேச்சியின் பொட்டு எழுபத்தொன்று என்று காட்டிற்று. அறுபதைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்திச் சோதித்தாக வேண்டும். சுயம்புக்கனி கையை உயர்த்தினார், நடுவர் ஊதினார்.

சோதனை எளியது. பலகையில் ஒன்பது படங்கள் தோன்றும். எட்டு ஒன்றுபோல் இருக்கும். ஒன்று மட்டும் சற்று மாறியிருக்கும். மாறியதைத் தொட வேண்டும். இவ்வாறு முப்பது முறை. தொண்ணூறு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். சராசரியாக எத்தனை விநாடியில் தொட்டாள் என்பதைப் பலகை கணக்கிட்டு, அவளுடைய ஜூன் அளவோடு ஒப்பிடும். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஜூன் மாதத்தில், உடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில், இதே சோதனையை எடுத்துப் பதிந்து வைப்பதே ஜூன் அளவு. அதிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டுக்குமேல் விலகினால் சிவப்பு. சிவப்பு வந்தால் இருபத்தொரு நாள் ஆட்டம் இல்லை. விலகாவிட்டால் பச்சை.

பேச்சியின் ஜூன் அளவு இரண்டு புள்ளி நான்கு ஒன்று. அன்று களத்தோரம் அமர்ந்து அவள் பெற்றது இரண்டு புள்ளி ஐந்து இரண்டு. பச்சை.

அவள் களத்திற்குத் திரும்பி ஓடினாள். மூன்று நிமிடம் கழித்து அணியின் இரண்டாவது கோலையும் அடித்தாள். நல்லகுளம் அரை இறுதிக்குத் தகுதி பெற்றது. அரை இறுதி சனிக்கிழமை, அன்று வியாழன்.

மாலை ஆறு மணி இருக்கும். அணித் தலைவி ஆக்னஸ், விடுதியின் முன்கட்டில் இருந்த சுயம்புக்கனியின் அறை வாயிலில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பேசும்போது எதிரிலிருப்பவர் கண்ணை விட்டு விலகாதவள். அன்று தரையைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். யாருட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாததா இருந்தா எங்கிட்டயும் சொல்லாத. நான் எழுதிப் போடுற ஆளு."

ஆக்னஸ் உள்ளே வந்து நின்றாள். "எழுதுறதும் எழுதாததும் ஒங்க இஷ்டம். பேச்சி சரியில்லக்கா."

"அவளுக்குப் பச்சை வந்துச்சே."

"வந்துச்சு. பஸ்ல வரும்போது ரெண்டாவது கோலு யாரு போட்டான்னு கேட்டா. நீதாம்ட்டி போட்டேன்னேன். சிரிச்சா. பத்து நிமிஷங் கழிச்சு மறுபடியும் கேக்கா. ரூமுக்கு வந்ததும் டியூப்லைட்ட அமத்துங்கா. மாரித்தங்கம் படிக்கணும்னு போட்டதுக்கு எரிஞ்சி விழுதா. அவ யாருட்டயாவது எரிஞ்சி விழுந்து பாத்திருக்கீங்களா? சோறும் எறங்கல. வாந்தி வாற மாதிரி இருக்காம்."

சுயம்புக்கனி எழுந்து கதவைச் சாத்தினார். "இவ்வளவு இருக்கப்பட்ட பிள்ளைக்குப் பச்சை எப்படி வரும்?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆக்னஸ் சொன்னாள். ஜூன் மாதச் சோதனையில் அவர்கள் படத்தைக் கண்டவுடன் தொடுவதில்லை. தத்தம் பெயரை மனத்துக்குள் முழுதாக ஒரு முறை சொல்லிவிட்டே தொடுவார்கள்.

"சும்மா மெதுவாத் தொட்டா மெஷினு கண்டுபிடிச்சிரும்க்கா. ஒரு வாட்டி சீக்கிரம், ஒரு வாட்டி லேட்டுன்னு கோணலா வரும். பேரு சொன்னா முப்பது வாட்டியும் ஒரே அளவுக்கு லேட்டாகும். ஏஞ்சல்னு ஒருத்தி இருந்தா, பேரு பத்தலன்னு அவ அப்பா பேரையும் சேத்துக்கிடச் சொன்னோம்."

"அப்ப ஒங்க ஜூன் அளவு..."

"பதினாறு பேருதும் அப்படித்தான். ஆட்டத்துக்கு முந்தின சோதனையிலயும் பேரு சொல்லணும். தலையில அடிபட்டா மட்டும் சொல்லாம அமுக்கணும். அடியில மெதுவாகுறதும் இதும் சரியாப் போயிரும்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"முந்தின செட்டு அக்காமாரு. அவங்களுக்கு அதுக்கு முந்தின செட்டு. புதுசா வாற பிள்ளைக்கு மட்டை பிடிக்கப் பழக்கும்போதே இதையும் பழக்கிருவோம்."

சுயம்புக்கனி திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார். பின்பு, "தலையடின்னா என்னன்னு நெனைச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"மயக்கம் போட்டு விழணும். இல்லன்னா ரத்தம் வரணும்."

"பத்துல ஒம்பது பேருக்கு மயக்கமே வராது. மூளை மண்டையோட்டுக்குள்ள ஒட்டிப்போயி இல்ல, குலுங்கும். குலுங்கினது தானா ஆறிரும், ஆனா நாள் வேணும். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, அது சின்ன அடியா இருந்தாலும் சரி, மூளை வீங்கிரும். ஆம்புலன்ஸ் வாற வரைக்கும் தாங்காது. பதினாறு, பதினேழு வயசுலதான் இது கூடுதலா நடக்கு."

"அப்ப அவள நீங்க உக்கார வையுங்கக்கா."

"எனக்கு அந்த உரிமை இல்ல."

உண்மையாகவே அவருக்கு அந்த உரிமை இல்லை. பதினேழாம் விதி பின்வருமாறு கூறிற்று: ஆட்டக்காரரின் தலைக்காயம் பற்றி எம்மனிதரின் சொல்லும் செல்லாது, கருவியின் அளவே செல்லும். பயிற்சியாளர் சொல்ல முடியாது, அலுவலர் சொல்ல முடியாது, மருத்துவரும் சொல்ல முடியாது. பச்சை பெற்ற பெண்ணை வெளியில் அமர்த்தினால் அமர்த்தியவர் வேலை இழப்பார். ஆட்டக்காரி தானே "என் விருப்பத்தால் விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மட்டும் விலகலாம். இன்னொரு வழியும் உண்டு. ஜூன் அளவு பொய் என்று அலுவலர் எழுதி அனுப்பலாம். அவ்வாறு எழுதினால் பேச்சிக்கு இரண்டாண்டுத் தடை, விடுதி இடம் போய்விடும், பள்ளியும் போய்விடும். அதன் பின் மற்றப் பதினைந்து பேரையும் விசாரிப்பார்கள்.

"அவளே எழுதிக் குடுக்கணும்," என்றார் சுயம்புக்கனி. "வேற வழி இல்ல. நாளைக்குக் காலையில டாக்டரிடம் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா."

மறுநாள் டாக்டர் மெஹருன்னிசா பேச்சியைக் கண்ணை மூடி ஒரு காலில் நிற்கச் சொன்னார். அவள் இரண்டு விநாடியில் சுவரைப் பிடித்தாள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் வேறு பேசிவிட்டு, அவற்றைத் திரும்பக் கேட்டார். அவளுக்கு இரண்டு வந்தன. தலையை ஸ்கேன் செய்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தீங்களா, படத்துல ஒண்ணுமில்ல," என்றாள் பேச்சி.

"படத்துல ரத்தக்கசிவு தெரியும்மா. குலுக்கம் தெரியாது," என்றார் டாக்டர். "ரெண்டு நாள் செல்போன், டிவி, புத்தகம் ஒண்ணும் வேண்டாம். அப்புறம் நடக்கலாம். தலைவலி வரலன்னா ஓடலாம். அப்புறம் தனியா மட்டை. அப்புறம் பந்து குடுத்து வாங்குறது. மோதுற ஆட்டம் எல்லாத்துக்கும் கடைசி. ஒரு படியில தலை வலிச்சா முந்தின படிக்கு எறங்கணும். நாளைக்கு ஆட்டம்கிற பேச்சே கிடையாது."

"டாக்டர், நீங்க எழுதிக் குடுத்தாச் செல்லுமா?" என்று கேட்டாள் பேச்சி.

டாக்டர் சுயம்புக்கனியைப் பார்த்தார். "செல்லாது," என்றார் வருத்தத்துடன். "ஆனா நெசம்."

ஆட்டோவில் திரும்பும்போது பேச்சி வெயிலுக்குக் கையை நெற்றியில் குடைபோல் பிடித்திருந்தாள். ஆக்னஸ் அவளிடம் நேராகவே கேட்டாள்.

"நேத்துச் சோதனையில நீ பேரு சொன்னியா, சொல்லலியா?"

பேச்சி திடுக்கிட்டுச் சுயம்புக்கனியைப் பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன். பதில் சொல்லு."

"சொன்னேன்."

"அடிபட்டாச் சொல்லக்கூடாதுல்லா?"

"அடியே படலங்கேன். நல்லாத்தான் இருந்தேன், பேரு சொல்லித்தான் அமுக்குனேன், பச்சை வந்துச்சு. அப்ப எனக்கு என்ன கேடு?"

"நீ சொல்லிருக்க மாட்ட. பழக்கத்துல சொல்லாமத்தான் அமுக்கிருப்ப."

"எம் மனசுக்குள்ள நான் சொன்னது ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

அதை வேறு எவரும் அறிய இயலாது. பெயரைச் சொல்லியும் பச்சை வந்திருந்தால் அவள் நலமாக இருக்கிறாள். சொல்லாமல் பச்சை வந்திருந்தால் அவள் மூளை அரை விநாடி பின்தங்கியிருக்கிறது. கருவிக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு அறிந்த ஒரே சாட்சி பேச்சி. அந்தச் சாட்சிக்குத்தான் இரண்டாவது கோல் யார் அடித்தது என்பதே நினைவில்லை.

"இப்ப சோதிச்சுப் பாத்துருவோம்," என்றார் சுயம்புக்கனி. "பேரு சொல்லாம, படத்தைப் பாத்த ஒடனே தொடு. நீ நல்லாயிருந்தாச் சிவப்பு வரும்."

"வேகமாத் தொட்டா எப்படிக்கா சிவப்பு வரும்?"

"விலகல்னா ரெண்டு பக்கமும் விலகல்தான். திடீர்னு அரை விநாடி வேகமானா ஏதோ மருந்து சாப்பிட்டிருக்கா, இல்ல மூளையில ஏதோ கோளாறுன்னு அது எடுத்துக்கிடும்."

இது இரு பெண்களும் அறியாத செய்தி. இத்தனை ஆண்டுகளில் ஒருத்திகூட ஜூனுக்குப் பின் நலமான தலையோடு உண்மையான வேகத்தில் தொட்டுப் பார்த்ததில்லை.

பேச்சி சிரித்தாள், அதில் மகிழ்ச்சி இல்லை. "நல்லாயிருந்தாச் சிவப்பு, இருபத்தோரு நாளு உக்காரணும். நல்லாயில்லன்னாப் பச்சை, அப்பவும் உக்காரணும்னு நீங்க சொல்லுவீங்க. எப்படியும் என்ன உக்கார வெக்கணும், அவ்வளவுதானக்கா? நாளைக்குத் தேசிய முகாமுக்கு ஆள் எடுக்க வாறாங்க. அது ஒங்களுக்குத் தெரியும்லா?"

சுயம்புக்கனிக்குத் தெரியும். வேறு எவரையும்விட நன்றாகவே தெரியும்.

அன்று பிற்பகல் அவர் பயிற்சியாளர் சீனிராஜைப் பார்க்கச் சென்றார். சீனிராஜ் களத்திற்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லும் வழக்கத்தைத் தவிர மற்றவை எல்லாவற்றையும் அவரிடம் கூறினார். சீனிராஜ் குழாயை மூடினார்.

"காலையில நானும் பாத்தேன், மேடம். நடக்குறதே ஒரு மாதிரி இருக்கு. கண்ணிருக்கவனுக்குத் தெரியும்."

"அப்ப நீங்க அவகிட்டச் சொல்லுங்க, சார்."

"சொன்னா? 'சார் என்ன ஆடவேண்டாம்னு வற்புறுத்துனாரு'ன்னு அந்தப் பிள்ளையோட அம்மா ஒரு கடுதாசி போட்டா என் வேலை போச்சு. போன் பண்ணி அந்த அம்மாகிட்டயும் பேசினேன். மெஷினே பச்சைன்னு சொல்லுதே, நீங்க யாரு சார் சொல்லன்னு கேக்காங்க. கேக்குறது ஞாயம்தான்." அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். "பயிற்சியாளரு வாயைக் கட்டிப்போட்டது யாரு? கோர்ட்டுக்குப் போன மூணு பேருல நீங்களும் ஒருத்தரு. நான் மறக்கல."

அவர் குத்திக் காட்டியது உண்மையே. பதினோராண்டுகளுக்கு முன், இரண்டாயிரத்து முப்பத்தேழில், சுயம்புக்கனி மாநில அணியின் வலப்புற ஆட்டக்காரி. முகாமுக்குச் செல்ல நான்கு நாள் இருந்தபோது, அவருக்குத் தலையில் அடிபட்டதாகவும் கிறுகிறுப்பு இருப்பதாகவும் தேர்வாளர் ஒருவர் எழுதினார். அவருக்கு அடியும் படவில்லை, கிறுகிறுப்பும் இல்லை. சுயம்புக்கனியின் இடத்தில் தேர்வாளரின் உறவுப்பெண் முகாமுக்குச் சென்றாள். அவ்வாண்டு அவ்விதம் அமர்த்தப்பட்டவர் மாநிலம் முழுதும் பத்தொன்பது பேர். தலைக்காயத்தை இல்லை என்று காட்டுவதற்குச் சான்று இல்லாதபடியால், யாரை வேண்டுமாயினும் அதனைச் சொல்லி அமர்த்தலாம் என்றிருந்தது. மூவர் வழக்குத் தொடுத்தனர். "எம்மனிதரின் சொல்லும் செல்லாது" என்ற வரி சுயம்புக்கனியின் மனுவிலிருந்து விதிக்குள் அப்படியே ஏறிய வரி. அந்த வரியால் நன்மை அடைந்த பெண்கள் பலர். அவரே அவர்களில் சிலரை அறிவார்.

"அன்னைக்கு அது சரிதான், சார்," என்றார்.

"சரியில்லன்னு நான் சொல்லலியே. இன்னைக்கு என்ன செய்யப் போறீங்கன்னுதான் கேக்கேன்."

சுயம்புக்கனி தம் அறைக்குத் திரும்பிப் புகார்ப் படிவத்தைத் திறந்தார். பேச்சியம்மாள், ஜூன் அளவு பொய், என்று நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஒரு பெண் பிழைப்பாள். பதினாறு பெண்கள் களத்தை விட்டுப் போவார்கள். அப்படியும் பெண் பிழைப்பதே பெரிது என்று எண்ணினார். காலைச் சோதனைக்குப் பிறகும் அவள் எழுதிக் கொடுக்காவிட்டால் இதனை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, படிவத்தை நிரப்பி, அனுப்பாமல் வைத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, உடைமாற்றும் அறையில், ஆட்டத்திற்கு முந்தைய சோதனை தொடங்கிற்று. நீண்ட மர இருக்கையில் பதினாறு பெண்களும் வரிசையாக அமர்ந்திருந்தனர். சீனிராஜ் வாயிலில் நின்றார். வழக்கப்படி தலைவியே முதலில் வருவாள். ஆக்னஸ் வந்து அமர்ந்து, பலகையைத் தன் பக்கம் திருப்பினாள். பின்பு திரும்பிப் பேச்சியைப் பார்த்தாள்.

"நான் பேரு சொல்லப் போறதில்ல. பாத்துக்கோ."

அணி முழுதும் கேட்க, அளவு அலுவலரின் எதிரில் பெயர் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

"ஏக்கா, வேண்டாம்," என்றாள் ஒருத்தி.

ஆக்னஸ் தொடத் தொடங்கினாள். படம் தோன்றுமுன் விரல் அங்கே இருந்ததுபோல் இருந்தது. ஒரு நிமிடம் ஆகுமுன் முடிந்தது. ஜூன் அளவு இரண்டு புள்ளி மூன்று ஆறு. அன்று பெற்றது ஒன்று புள்ளி எட்டு நான்கு. பலகை சிவந்தது. இருபத்தொரு நாள்.

சீனிராஜ் ஓரடி உள்ளே வந்தார். "ஆக்னஸ், என்ன காரியம் பண்ணுத நீ?"

"சோதனை குடுத்தேன், சார்."

பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இதுவே கடைசிக் கோப்பை. முகாமுக்குச் செல்லும் வாய்ப்பும் இதுவே கடைசி. இதனை அங்கிருந்த ஒவ்வொருவரும் அறிவர். பேச்சியும் அறிவாள். அவள் குரல் உயர்ந்தது.

"போன வாரம் தேனிக்காரி முழங்கை ஒந்தலையில பட்டுச்சில்லா. ஒனக்கும் ஏதாவது ஆயிருக்கும்."

"அடிபட்டா மெதுவாகும்ட்டி. நான் மெதுவாவா தொட்டேன்?"

"எனக்குத் தெரியாது. மெஷினுக்கு ஏதோ ஆயிருக்கு."

அப்பொழுது, பேச்சியின் அறைத்தோழி மாரித்தங்கம் எழுந்தாள். பத்தாம் வகுப்பு; அணியில் இடம் கிடைத்து மூன்று ஆட்டங்களே ஆகியிருந்தன. "எந்தலையில ஒண்ணும் படல. பந்தே எங்கிட்ட வரல, அடி எங்கிருந்து படும்?" என்றாள். இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டனர். அவள் ஆக்னஸின் இடத்தில் அமர்ந்து தொட்டாள். ஒன்று புள்ளி ஒன்பது ஏழு. சிவப்பு.

"போதும்," என்றார் சுயம்புக்கனி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "இனி யாரும் இப்படிச் செய்ய வேண்டாம். மத்தவங்க எப்பவும் போலக் குடுங்க."

எப்பவும் போல என்று ஓர் அளவு அலுவலர் கூறியது விதிப்படி குற்றம். அவர் அறிந்தே கூறினார்.

ஆக்னஸ் பேச்சியின் முன் குந்தினாள். "இனி நீ. பேரு சொன்னாலும் யாருக்கும் தெரியாது. சொல்லிட்டு ஆடப் போகணும்னாப் போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சொல்லாமத் தொட்டு ஒனக்கும் சிவப்பு வந்துச்சுன்னா, நான் சொன்னது தப்பு, நீ நல்லா இருக்க. மூணு பேருமா வெளிய உக்காந்து கடலை தின்னுவோம்."

"எனக்குச் சிவப்புத்தான் வரும்."

"சரி."

"நான் ஒன்னவிட வேகம். ஒனக்கே தெரியும்."

"தெரியும். தொடு."

பேச்சி அமர்ந்தாள். சாளரத்தின் வெளிச்சம் பலகையில் பட்டதால் கண்ணைச் சுருக்கினாள். சுயம்புக்கனி எழுந்து சாளரத்தை மூடினார். முதற்படம் தோன்றிற்று. அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, தன்னால் இயன்ற வேகத்தில் தொட்டாள். பத்தாவது படத்தில் நெற்றி வியர்த்தது. இருபதாவது படத்தில் விரல் தவறான இடத்திற்குச் சென்று திரும்பிற்று. முப்பதும் முடிந்தபோது அவள் ஒரு சுற்று ஓடியவள்போல் மூச்சு வாங்கினாள்.

இரண்டு புள்ளி நான்கு நான்கு. பச்சை.

வாயிலில் நின்ற சீனிராஜுக்கு எதுவும் சொல்ல உரிமை இல்லை. பச்சை பெற்றவள் பூட்ஸ் மாட்டலாம், தடுப்பவர் ஒருவருமில்லை. பேச்சி அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் சொல்லல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "சத்தியமாச் சொல்லல."

ஆக்னஸ் அவள் முதுகில் கை வைத்தாள்.

"இதான் எவ்வளவு வேகமாத் தொட முடியுமோ அவ்வளவு வேகம்," என்றாள் பேச்சி. பின்பு சுயம்புக்கனியிடம் திரும்பி, "ஒரு பேப்பர் குடுங்கக்கா," என்றாள்.

என் விருப்பத்தால் விலகுகிறேன் என்னும் ஒரு வரியை எழுத அவளுக்கு இரு தாள்கள் வேண்டியிருந்தன. முதல் தாளில் விருப்பத்தால் என்ற சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டாள். சுயம்புக்கனி அதைப் பெற்றுக்கொண்டு, முந்தைய நாள் நிரப்பி வைத்த படிவத்தை அழித்தார்.

மற்றப் பதின்மூவரும் எப்பொழுதும் போலச் சோதனை கொடுத்துப் பச்சை பெற்று ஆடினர். தலைவியும் இல்லை, நடுக்களமும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றனர். முகாமுக்குத் தெரிவானவர்களில் நல்லகுளத்துப் பெண் ஒருத்தியும் இல்லை. ஆக்னஸ் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். அவள் செய்தது சரியே என்று ஒருவரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

பேச்சி டாக்டர் சொன்ன படிகளில் ஏறினாள். முதல் இரண்டு நாள் இருட்டறை. ஐந்தாம் நாள் விடுதியைச் சுற்றி நடந்தாள். ஒன்பதாம் நாள் ஓடினாள்; தலை வலித்தது; மறுபடியும் நடைக்கு இறங்கினாள். பள்ளியில் ஆசிரியைகள், பச்சை வாங்கிய பிள்ளைக்கு என்ன ஓய்வு என்று கேட்டனர். பன்னிரண்டாம் நாள் தேசிய முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாற்று ஆட்டக்காரி ஒருத்தி தேவை, பதிவேட்டின்படி பேச்சியம்மாள் முழு நலத்துடன் இருப்பதால் உடனே வரலாம் என்று அதில் இருந்தது. அவள் அதைப் படித்து மடித்துச் சுயம்புக்கனியிடமே கொடுத்துவிட்டாள்.

"வர முடியாதுன்னு எழுதிருங்கக்கா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுத?"

"விருப்பமில்லைன்னுதான் எழுதணும். வேற ஒண்ணும் அதுல ஏறாது."

"விருப்பம் இருக்கேக்கா."

"தெரியும்மா."

நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அவள் அலுவலர் அறைக்கு வந்து, பெயர் சொல்லாமல் முப்பது படங்களைத் தொடுவாள். தலை ஆறிவிட்டதா என்று அறிய அவர்களிடம் வேறு கருவி இல்லை. இரண்டு புள்ளி நான்கு, பச்சை. இரண்டு புள்ளி மூன்று ஐந்து, பச்சை. பச்சையைக் காணும்போதெல்லாம் அவள் முகம் வாடும். இருபத்திரண்டாம் நாள் ஆக்னஸும் மாரித்தங்கமும் பெயரைச் சொல்லித் தொட்டு, பச்சை பெற்றுக் களத்திற்குத் திரும்பினர். பேச்சிக்கு அன்று இரண்டு புள்ளி ஒன்று ஏழு.

இருபத்தாறாம் நாள் ஆக்னஸும் உடன் வந்திருந்தாள். பேச்சி தொட்டு முடித்தாள். இரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு. பலகை சிவந்து, இருபத்தொரு நாள் கட்டாய ஓய்வு என்று எழுதிற்று.

ஆக்னஸ் கைதட்டினாள். வெளியே நின்றிருந்த நான்கைந்து பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்து, சிவப்பைக் கண்டு, அவர்களும் கைதட்டினர். சுயம்புக்கனி பதிவேட்டில் விதிப்படி சிவப்பு என்று குறித்தார்.

பேச்சி மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்னஸ் அக்காவுக்கு ஒண்ணு புள்ளி எட்டு நாலு," என்றாள். "எனக்கு ரெண்டு புள்ளி பூஜ்யம் எட்டு."

"இன்னும் கொறையும்," என்றார் சுயம்புக்கனி. "நாள் ஆகும்."

"எதுவரைக்கும் கொறைஞ்சாப் பழைய மாதிரி ஆயிட்டேன்னு அர்த்தம்? அடிபடுறதுக்கு முந்தி எனக்கு நெசமா எவ்வளவு இருந்துச்சு?"

கைதட்டல் நின்றது. சுயம்புக்கனி பதிவேட்டை முதல் பக்கம் வரை புரட்டினார். மூன்று ஜூன்களுக்குரிய மூன்று எண்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் பெயரின் நீளம் கலந்திருந்தது.

"அது எங்கயும் இல்லம்மா," என்றார்.